செத்த பெட்டி ஆமையின் உடலில் கடி: கொன்றது எது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

காலையில் அடைப்பைத் திறந்தால் ஒரு பெட்டி ஆமை அசைவில்லாமல் கிடக்கிறது. கழுத்துத் தோல் கிழிந்திருக்கிறது, ஒரு கண் இல்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொன்றின் வாயில் ரத்தக்கறை. பார்க்கிற யாருக்கும் "இதுதான் அதைக் கொன்று தின்றுவிட்டது" என்றே தோன்றும். பெரும்பாலும் அது தப்பான முடிவு. தின்றது அந்த ஆமையாக இருக்கலாம். கொன்றது வேறு ஏதோ.

வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஆமைகள், அதாவது டெரபீன் பேரினத்தவை, அனைத்துண்ணிகள். மண்புழு, நத்தை, காளான், பழம் எல்லாம் சாப்பிடும். காட்டில் செத்த பறவையோ பாம்போ தவளையோ கிடைத்தாலும் விடாது. செத்த உடல் அதற்கு உணவு, அவ்வளவுதான். தன் இனமா வேறு இனமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், வளர்ந்த பெட்டி ஆமையின் அடி ஓட்டில் கீல் இருக்கிறது. தலை, கால், வால் அனைத்தையும் உள்ளே இழுத்து ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். பல்லே இல்லாத, அலகு மட்டும் உள்ள இன்னொரு ஆமையால் அதைத் திறக்க முடியாது. ஆக, நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த ஆமையை இன்னொன்று உயிரோடு தின்பது ஏறக்குறைய நடக்காத காரியம். தின்ன முடிந்திருக்கிறது என்றால், அந்த ஆமையால் ஓட்டை மூட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

குஞ்சுகள் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்குக் கீல் இன்னும் வேலை செய்யாது, ஓடும் மென்மை. சுமார் 3 செ.மீ. நீளத்தில் பொரித்து வரும் குஞ்சு, பெரிய ஆமையின் கண்ணுக்கு அசையும் இரைதான். முட்டையும் அப்படியே. இவற்றைப் பெரியவை தின்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை. பெரியவற்றோடு வைத்ததுதான் காரணம்.

சரி, இனி செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம். முதல் மூன்று படிகளையும் கண்டுபிடித்த அன்றே முடித்துவிடுங்கள்.

படி 1: உண்மையிலேயே செத்துவிட்டதா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உயிரோடு புதைக்கப்பட்ட ஆமைகள் உண்டு. குளிரில் விறைத்த ஆமை மூச்சு விடுவதே தெரியாது. இவற்றில் ஒரு வகையான கிழக்கத்திய பெட்டி ஆமை, உடல் நீரில் பாதிக்கு மேல் உறைந்த நிலையிலிருந்தும் மீண்டு வரக்கூடியது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பூஜ்ஜியத்துக்குச் சற்றே கீழான குளிரில், சில நாட்களுக்குத்தான் இது சாத்தியம். ஆகவே குளிர்ந்து கிடக்கும் ஆமையை அறை வெப்பத்தில் சில மணி நேரம் மெல்ல சூடேற விடுங்கள். விளக்கடியிலோ வெந்நீரிலோ போடாதீர்கள். பிறகு பின்னங்காலை மெதுவாக இழுத்துப் பாருங்கள், கண்ணோரத்தைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததென்றால் தலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, கழுத்தை நீட்டி, நீரை வடியவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஆமைகள் ஆக்சிஜன் இல்லாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். மல்லாக்கப் போட்டுவிடாதீர்கள். நாற்றம், குழிவிழுந்து காய்ந்த கண்கள், ஓட்டின் மேல்தகடுகள் உரிந்து வருவது, இவை இருந்தால் சந்தேகமே வேண்டாம், செத்துவிட்டது. இல்லையென்றால் மருத்துவர் டாப்ளர் கருவியால் இதயத் துடிப்பைத் தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.

படி 2: உயிரோடிருப்பவற்றைப் பிரியுங்கள்

எப்படிச் செத்தது என்று யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆமைக்கும் தனிப் பிளாஸ்டிக் தொட்டி, அடியில் வெறும் காகிதத் துண்டு, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு, 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம். காகிதம் எதற்கென்றால், கழிச்சலோ ரத்தமோ புழுவோ இருந்தால் அதில் உடனே தெரியும், மண்ணில் தெரியாது. நன்றாக இருப்பவற்றை முதலில் கையாளுங்கள், சோர்ந்தவற்றைக் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையே கையுறையை மாற்றுங்கள்.

"கொலைகாரன்" என்று நினைத்த ஆமையை மட்டும் பிரித்துவிட்டு மற்றவற்றை ஒன்றாக விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. தொற்றாக இருந்தால், மீதி எல்லாம் அதே மண்ணில், அதே தண்ணீரில் இருந்துகொண்டிருக்கும். அந்தக் "கொலைகாரன்" செத்த உடலைத் தின்றிருப்பதால், உண்மையில் அதிக ஆபத்தில் இருப்பதே அதுதான்.

பிரிக்கும்போதே டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எடைக் குறிப்பு இருந்தால் அதுதான் இப்போது பொக்கிஷம்.

படி 3: உடலைப் பாதுகாத்தல்

முதல் படிக்காக நகர்த்துவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்: எப்படிக் கிடக்கிறது, மல்லாந்தா கவிழ்ந்தா, தண்ணீருக்கு எவ்வளவு அருகில், காயங்கள் நெருக்கத்தில். பிறகு இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, சாப்பாட்டுப் பொருள் இல்லாத குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைக்கும் பகுதியில் வேண்டாம். பனிக்கட்டிப் படிகங்கள் திசுக்களை உடைத்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஓரிரு நாட்களுக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வழியே இல்லை என்றால் மட்டும் உறைய வையுங்கள். வைரஸ் மரபணுச் சோதனைக்கும் நச்சுச் சோதனைக்கும் அது இன்னும் பயன்படும்.

வெயில் நாளில் ஆமை உடல் வேகமாக அழுகும். ஓடு வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். எனவே "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள்.

படி 4: காயத்தைப் படித்தல்

நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படி இது.

உயிரோடிருந்தபோது பட்ட காயத்தில் ரத்தம் கசிந்து உறைந்திருக்கும். ஓரங்கள் வீங்கிச் சிவந்திருக்கும். ஒரு நாளுக்கு மேல் பழையதென்றால் பொருக்கோ சீழோ இருக்கும். ஆமைகளின் சீழ் நீராக இருக்காது, கெட்டியாகப் பாலாடைக்கட்டி போல இருக்கும். செத்த பிறகு தின்றதென்றால் ஓரங்கள் வெளிறி, வீக்கமே இல்லாமல், காய்ந்த தோலாகத் தெரியும். இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்கே பல நேரம் புலப்படும். உறுதி செய்ய நோய்க்கூறு மருத்துவர் வேண்டும்.

அடுத்து, எங்கே கடி? செத்த உடலைத் தின்னும் ஆமை மென்மையான இடங்களிலிருந்து தொடங்கும்: கண், கழுத்துத் தோல், தொடை மடிப்பு, கழிவாய். எறும்பும் வண்டும் ஈப்புழுவும் அதே இடங்களைத்தான் தேடும் என்பதால், ஆமையின் மேல் விழும் பழியில் ஒரு பகுதி பூச்சிகளுடையதாக இருக்கலாம். கழுத்தின் மேற்புறத்திலும் தலையிலும் முன்னங்கால்களிலும் பழைய தழும்பும் புதுக் காயமும் கலந்திருந்தால் ஆணின் இணைசேர்க்கை வெறியையோ ஆண்களின் சண்டையையோ யோசியுங்கள். ஓட்டின் முன் விளிம்பில் சில்லுகள் பெயர்ந்திருப்பதும் அதற்கே சாட்சி. குஞ்சுகளில் வால் நுனியும் விரல்களும் போயிருந்தால் கூடவே வளரும் குஞ்சுகள் கடித்திருக்கும். ஆடும் வால் புழு மாதிரித் தெரிகிறது, ரத்தம் வந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டின் விளிம்பில் இணையிணையாகப் பற்கீறல்கள் இருந்தால் எலி. குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் ஆமையின் கால்களை எலிகள் உயிரோடே அரித்துவிடும். அது விழித்து ஓடவும் முடியாது. வட அமெரிக்கத் தோட்டங்களில் ரக்கூன் என்ற காட்டு விலங்கு வந்தால் ஒரு காலோ தலையோ முழுதாகவே காணாமல் போகும், உடல் இழுபட்டு மல்லாந்து கிடக்கும். நாய் என்றால் ஓட்டில் ஆழமான துளைகளும் நொறுங்கலும் இருக்கும். உங்கள் வீட்டு நாய் ஐந்து வருடம் ஆமையைச் சீண்டவே இல்லை என்பது எதையும் நிரூபிக்காது.

காயமே இல்லையா? அப்படியென்றால் கடியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: அடைப்பைச் சோதித்தல்

வெப்பமானியை எடுங்கள். பகலில் 24 முதல் 29 டிகிரி, வெயில் காயும் மூலையில் 30 டிகிரியை ஒட்டி, கிழக்கத்திய இனத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு, இவைதான் பொதுவான அளவுகள். கண்ணாடித் தொட்டி ஜன்னல் வெயிலில் இருந்தால் மதிய நேரத்தில் உள்ளே அளந்து பாருங்கள், அதிர்ந்து போவீர்கள். வெக்கையில் செத்த ஆமை வாயில் நுரையோடு, நிழலைத் தேடி மூலையில் முட்டிய நிலையில் கிடக்கலாம்.

தண்ணீர்த் தொட்டியின் ஆழத்தையும் ஓரச் சரிவையும் பாருங்கள். பெட்டி ஆமை நீச்சலில் சுமார்தான். நீர், நிற்கும் ஆமையின் தாடைக்கு மேல் போகக் கூடாது. இணைசேர்ந்த ஆண் பின்னால் விழுந்து மல்லாந்து போவது சகஜம். தரை மண்ணாக இருந்தால் பெரும்பாலும் திரும்பிக்கொள்ளும். வழவழப்பான சுவரோரத்தில், உச்சி வெயிலில் விழுந்தால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். "நேற்று வரை நன்றாக இருந்தது" என்கிற ஆண் ஆமைகளின் சாவில் இதையும் ஒரு காரணமாக நினைவில் வையுங்கள்.

அப்புறம் நஞ்சு. நத்தைக் கொல்லி மருந்து தின்ற நத்தையை ஆமை தின்றால் போதும். பூச்சிமருந்து அடித்த புல், எலி மருந்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றில் வந்த தெளிப்பு, இவற்றையெல்லாம் கடந்த இரண்டு வாரத்துக்குக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்திலும் நஞ்சு உண்டு. ஐவர்மெக்டின் நாய்க்கும் மாட்டுக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் ஒட்டுண்ணி மருந்து. ஆமைக்கு அது விஷம். தளர்ந்து, கால்களை இழுக்க முடியாமல், மூச்சுத் தசைகள் செயலிழந்து சாகும். ஓட்டை மூட முடியாத ஆமை என்று மேலே சொன்னதற்கு இது அப்பட்டமான உதாரணம். வைட்டமின் ஏ ஊசி அளவுக்கு மீறினாலும் தோல் உரிந்து புண்ணாகும். செத்த ஆமைக்குக் கடந்த மாதம் யார் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 6: சாவுகளின் வரிசையைப் பாருங்கள்

ஒரு சாவு விபத்தாக இருக்கலாம். ஒரே மாதத்தில் இரண்டாவது நடந்தால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு நடங்கள். இல்லை என்று பரிசோதனை சொல்லட்டும்.

ரானா வைரஸ்தான் முதல் சந்தேகம். தவளை, மீன், ஆமை மூன்றையும் தாக்கும் வைரஸ் பேரினம் அது. பெட்டி ஆமைகள் அதற்கு மிக எளிதில் பலியாகின்றன. இமை வீக்கம், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்க்குள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம், கழுத்து வீக்கம், சோர்வு, சில நாட்களில் சாவு. சில நேரம் அறிகுறியே தெரியாமலும் போய்விடும். தோட்டக் குளத்தில் தலைப்பிரட்டைகள் கூட்டமாகச் செத்து மிதந்தன, அடுத்து ஆமைகள் என்று வரிசை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஹெர்பிஸ் வைரஸும் வாய்ப் புண், மூக்கொழுகலோடு வரும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா மெதுவானது: மாதக்கணக்கில் மூக்கு ஒழுகும், ஆமை மெலியும், வேறு நெருக்கடி வந்தால் சரியும். இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடியாது.

கூட்டத்துக்குள் கடைசியாக எந்த ஆமை வந்தது, எங்கிருந்து? ஆசிய, ஆப்பிரிக்க ஆமைகளை இவற்றோடு ஒரே அடைப்பில் வைத்திருக்கிறீர்களா? ஓர் இனம் நோகாமல் சுமக்கும் கிருமி, இன்னோர் இனத்தைக் கொன்றுவிடும். புதுவரவு பளபளவென்று நன்றாகவே இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

பருவத்தையும் பாருங்கள். வசந்தத்தில், உறக்கம் கலைந்த சில வாரங்களில் சாகிறதென்றால் பழி குளிர்காலத்தின் மேல். உறக்கத்துக்கு 4 முதல் 10 டிகிரி வரை சரி. 12க்கும் 18க்கும் இடையில் மாதக்கணக்கில் கிடந்தால்தான் கேடு: தூங்கவும் முடியாது, செரிக்கவும் முடியாது, கொழுப்பு கரையும், நோய் எதிர்ப்பு படுத்துவிடும். குடலில் உணவோடு தூங்கப் போனாலும் அது உள்ளேயே அழுகும். உறங்கும் முன் இரண்டு மூன்று வாரம் உணவை நிறுத்தி, தண்ணீரை மட்டும் கொடுப்பது இதற்காகத்தான். கோடையில் பெண் ஆமை செத்தால் முட்டை வயிற்றில் சிக்கியதா என்று எக்ஸ்ரே காட்டிவிடும். ஆண் கூடவே இல்லை என்று சொல்லி இதை ஒதுக்காதீர்கள்: பெண் ஆமை விந்தணுவைச் சில ஆண்டுகள்கூடச் சேமித்து வைத்திருக்கும், இணையே இல்லாமலும் கருவுறாத முட்டை உருவாகும்.

படி 7: பிரேதப் பரிசோதனையில் என்ன கேட்பது

ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் கிடைத்தால் நல்லது. "ஏன் செத்தது?" என்று மட்டும் கேட்டால் "கடி பட்டு" என்று பதில் வரக்கூடும். இப்படிக் கேளுங்கள்: காயங்கள் உயிரோடிருந்தபோது பட்டவையா, பின்னாலா? வாயிலும் கழிவாயிலும் எடுத்த மாதிரியில் ரானா வைரஸ், ஹெர்பிஸ் வைரஸ், மைக்கோபிளாஸ்மாவுக்கு பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்ய முடியுமா? கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், குடல், நுரையீரல் துண்டுகளை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் எடுத்து வைப்பீர்களா? இன்னொரு துண்டை உறைய வைத்துச் சேமிப்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். பிறகு வேறொரு சந்தேகம் வந்தால் சோதிக்கப் பொருள் இருக்கும். செத்ததோடு நிறுத்தாமல் உயிரோடிருப்பவற்றின் வாய், கழிவாய் மாதிரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். அழுகிய உடல் தராத பதிலை அவை தந்துவிடும்.

படி 8: மிச்சமிருப்பவை

தனித்தனியாகவே வைத்திருங்கள். புது ஆமைக்கான தனிமைக் காலம் குறைந்தது 90 நாள் என்பது வழக்கமான அளவு. தொற்று உறுதியான கூட்டத்துக்கு அது போதாது; மருத்துவர் மறுசோதனை செய்து விடுவிக்கும்வரை ஆறு மாதம், ஒரு வருடம் ஆனாலும் பொறுக்க வேண்டியதுதான். வாரம் ஒருமுறை எடை. ஒரு மாதத்தில் பத்து விழுக்காடு குறைந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். புண் இருந்தால் பொவிடோன் அயோடினை நன்றாக நீர்க்க வைத்துக் கழுவி, ஈ மொய்க்காமல் உள்ளேயே வையுங்கள். கோடையில் திறந்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

பிழைத்தவற்றைக் காட்டில் விடுவது என்ற யோசனை வந்தால் அதை உடனே கைவிடுங்கள். நோய் சுமக்கும் ஒரே ஓர் ஆமை, காட்டுக் கூட்டத்துக்கு எமனாகிவிடும். பெட்டி ஆமைகளின் பன்னாட்டு வணிகமே 1990களின் நடுப்பகுதியிலிருந்து, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காட்டில் அவற்றின் நிலை அவ்வளவு நன்றாக இல்லை.

படி 9: கடிப்பது உண்மையிலேயே ஆமைதான் என்றால்

பரிசோதனை முடிந்து, நோய் இல்லை, காயங்கள் உயிரோடிருந்தபோது பட்டவை என்று தெரிந்தால், தப்பு சேர்த்து வைத்த விதத்தில் இருக்கிறது. முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். ஆணின் அடி ஓடு குழிந்திருக்கும், வால் நீண்டு தடித்திருக்கும், பின்னங்கால் நகங்கள் வளைந்திருக்கும்; கிழக்கத்திய ஆணின் கண் பெரும்பாலும் சிவப்பு. இரண்டு ஆண்களை ஓர் அடைப்பில் வைக்காதீர்கள். ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடியாக வைப்பது நமக்கு அழகாகத் தோன்றும், அந்தப் பெண்ணுக்கு நரகம். காட்டில் அவை சந்தித்து, சேர்ந்து, பிரிந்து போய்விடும். அடைப்பில் பிரிந்து போக வழியில்லை, ஆண் வாரக்கணக்கில் துரத்திக் கடிக்கும். பெண்ணைத் தனியாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் கண்ணெதிரில் சேர்த்து விடுவது மேல். இந்த ஆமைகள் துணைக்கு ஏங்கும் பிராணிகள் அல்ல.

கடி இல்லாத கொடுமையும் உண்டு. பலவீனமானது மறைவிலேயே கிடக்கும், உணவுக்கு வராது, வந்தால் ஒதுக்கப்படும், மெல்ல இளைக்கும். காரணம் தெரியாத சாவு என்று முடியும் சிலவற்றின் கதை இதுதான்; எடைக் குறிப்பு மட்டுமே இதைக் காட்டிக்கொடுக்கும். கூட்டமாக வைத்தே ஆக வேண்டுமென்றால், உணவைப் பல இடங்களில் வையுங்கள், ஒன்றின் பார்வையில் இன்னொன்று படாதபடி செடியும் கட்டையும் நடுவே போடுங்கள், ஆமைகளின் எண்ணிக்கையைவிட ஒளிவிடங்கள் அதிகமாக இருக்கட்டும். குஞ்சுகளைத் தனித்தனியாக வளர்ப்பதே நல்லது. முடியாவிட்டால் ஒரே அளவுள்ளவற்றை மட்டும் சேர்த்து, உணவு நேரத்தில் பிரித்து ஊட்டுங்கள்.

பழைய அடைப்பை என்ன செய்வது

மண், இலைச்சருகு, மரத்துண்டு எல்லாவற்றையும் பைகளில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தொட்டி, தட்டு, தராசு ஆகியவற்றை முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு 3 விழுக்காடு ப்ளீச் கரைசலில் சில நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் ப்ளீச் வேலை செய்யாது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஆமைகள் எப்போதும், மனிதருக்கு வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கலாம். சமையலறைத் தொட்டியில் இதைக் கழுவக் கூடாது, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். திறந்தவெளி அடைப்பாக இருந்தால் மேல்மண்ணை வெட்டியெடுத்து, குளத்தை வற்றவிட்டு, ஒரு கோடை முழுக்க வெயில் படும்படி காலியாக விடுங்கள். மறுபடி ஆமை விடும் நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விடாமல் ஒன்றை மட்டும் விட்டு, சில வாரம் எடையும் மூக்கும் பார்த்த பிறகு அடுத்ததைக் கொண்டுவாருங்கள்.